தொழில் கற்பிப்போரும் தேர்ச்சி அளப்போரும்

தொழிற்கல்வியைப்பற்றி நமது தேசத்தில் இப்போது பேசப்படுவதுபோல் முன்னெப்பொழுதும் பேசப்பட்டதில்லை. மேடைதோறும் அதுவே பேச்சு. வரவு செலவுத் திட்டந்தோறும் அதற்கென ஒரு பகுதி. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் மத்திய மந்திரிசபை, அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களில் 1,000-ஐச் சீர்திருத்துவதற்கென 60,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது. அதில் 30,000 கோடி மத்திய சர்க்காரைச் சேர்ந்தது. 20,000 கோடி மாநிலங்களின் பங்கு. எஞ்சிய 10,000 கோடி ஆலை முதலாளிகளிடமிருந்து வரவேண்டியது. தமிழ்நாட்டிலோ அதற்கு முன்பே 71 அரசினர் நிலையங்கள், ஏறத்தாழ 2,877 கோடி ரூபாய்ச் செலவில் புதிய யந்திரங்களைப் பெற்றன. கடைசல் பட்டறை இருந்த இடத்தில் கணினியால் இயங்கும் யந்திரங்கள் வந்து நிற்கின்றன.

இவை யாவும் மகிழ்ச்சிக்குரியனவே. ஆயினும் நமக்குக் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. அந்த யந்திரத்தின் பக்கத்தில் நின்று கற்பிக்கப் போகிறவர் யார்? "இவன் கற்றுவிட்டான்" என்று பத்திரத்தில் கையொப்பமிடப் போகிறவர் யார்? கட்டடத்தையும் யந்திரத்தையும் பணம் கொண்டு ஓராண்டில் வாங்கிவிடலாம். பயிற்றாசிரியரையும் பரீட்சகரையும் அவ்வாறு வாங்க முடியாது. தொழிற்கல்வி முழுவதும் இவ்விருவர் தோளின்மீதே நிற்கிறது என்பது நமது துணிபு. இவ்விருவருக்கும் என்ன யோக்யதாம்சம் வேண்டும் என்பதை உத்தியோகஸ்தர்களின் சுற்றறிக்கைகளுக்கே விட்டுவிடாமல், பொதுஜனங்கள் கவனிக்கவேண்டிய விஷயமாக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், நற்சான்றுப் பத்திரம் என்பது எதற்காக ஏற்பட்டது என்று பார்ப்போம். மின்பணி கற்ற ஒரு வாலிபன் ஒரு விவசாயியின் கிணற்றடியில் பம்பு பூட்டுகிறான் என்று வைத்துக்கொள்வோம். எர்த் கம்பியை இணைக்கவேண்டிய முறையில் அவன் இணைக்கவில்லையெனினும் பம்பு ஓடும், தண்ணீர் பாயும், விவசாயியும் கூலியைக் கொடுத்து அனுப்பிவிடுவார். குறை இருப்பது ஒருவர் கண்ணுக்கும் புலப்படாது. பல மாதங்கள் கழித்து, உறை உரிந்த ஒரு கம்பி பம்பின் இரும்பைத் தீண்டும் நாளில், ஈரக்கையோடு அதைத் தொடுகிறவர் உயிருக்கே அபாயம் நேர்கிறது. பற்றவைப்பும் இத்தன்மையதே. மேலே வழுவழுப்பாகத் தோன்றும் இணைப்பின் உள்ளே குமிழி இருக்கக்கூடும். பாரம் ஏறிய பிறகே அது வாய் திறக்கும். இத்தகைய தொழில்களில் வேலையின் நன்மை தீமையை வேலை கொடுப்பவர் தாமே அறிந்துகொள்ள முடியாது. ஆகவேதான் அறிந்தவர் ஒருவர் முன்கூட்டியே பார்த்துச் சாட்சி சொல்லவேண்டியிருக்கிறது. அந்தச் சாட்சியே நற்சான்றுப் பத்திரம். சாட்சி பொய்யானால், அதை நம்பினவருக்கு நேரும் கேடு யாருடைய கணக்கில் எழுதப்படும்?

வாலிபனுக்கு நேரும் கேடும் சிறிதன்று. ஐ.டி.ஐ. என்று ஜனங்கள் வழங்கும் இந்நிலையங்களுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். கூலி வேலைக்குப் போயிருந்தால் வீட்டுக்கு வந்திருக்கும் வருமானத்தை இரண்டு வருஷம் இழந்து அவர்கள் கற்கிறார்கள். அந்த இரண்டு வருஷத்தில் கை பழகாமல் பத்திரம் மாத்திரம் பெற்று வெளியேறுகிறவனை ஆலை வாசலில் மேஸ்திரி ஒரு நிமிஷத்தில் கண்டுகொள்கிறார். அரத்தை அவன் பிடிக்கும் விதமே போதும். அவனுக்குப் பின்னால் நிற்கிறவன் உண்மையிலேயே நன்றாகக் கற்றவனாயினும், அதே பத்திரத்தை நீட்டும்போது மேஸ்திரி அதை ஏறெடுத்தும் பாரார். கள்ள நாணயம் நல்ல நாணயத்தையும் செல்லாததாக்குவது போன்றது இது.

நிற்க. நமது நாட்டில் முற்காலத்தில் பயிற்றாசிரியர், பரீட்சகர் என்ற கேள்விக்கே இடமிருக்கவில்லை. தச்சன் மகன் தந்தையிடம் தச்சுக் கற்றான். கொல்லன் மகன் தந்தையின் உலைக்களத்தில் துருத்தி ஊதிக் கற்றான். கற்பித்தவரும் தந்தையே, தேறினான் என்று தீர்ப்புச் சொன்னவரும் தந்தையே. அம்முறையில் சிறப்பு ஒன்று உண்டு: மகன் தவறு செய்தால் இழிவு குடும்பத்துக்கே வந்ததால், தந்தை கண்டிப்பாகவே சோதித்தார். அதில் பெருங்குற்றமும் ஒன்று உண்டு: பிறந்த குலத்துக்கு வெளியே தொழிலின் கதவு திறக்கவில்லை. எந்தக் குலத்தில் பிறந்தவனாயினும் எந்தத் தொழிலையும் கற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது பொதுப் பயிற்சி நிலையமே. இரண்டாவது உலக யுத்தத்துக்காகவும், அதன்பின் யுத்தத்திலிருந்து திரும்பிய வீரர்களுக்காகவும், பிரிவினையால் வீடிழந்தவர்களுக்காகவும் நடைபெற்ற பயிற்சிகளின் தொடர்ச்சியாக, 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் ஏறக்குறைய 50 நிலையங்களோடு தொடங்கிற்று. 1956-இல் நிலையங்களின் நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு மாறியது. இன்று அவற்றின் தொகை 15,000-ஐ நெருங்கிவிட்டது. அவற்றில் பெரும்பகுதி தனியாருடையவை. தந்தையின் இடத்தை இந்த நிலையங்கள் எடுத்துக்கொண்டன. எடுத்துக்கொண்டபோது தந்தையின் கைத்திறனையும் கண்டிப்பையும் சேர்த்து எடுத்துக்கொண்டனவா என்பதே நமது விசாரம்.

சட்டப் புஸ்தகத்தில் குறையில்லை என்று சொல்லலாம். மத்திய சர்க்காரின் பயிற்சித் தலைமை இயக்ககம் வெளியிட்டுள்ள பாடத்திட்டங்களைப் புரட்டிப் பார்த்தால், பயிற்றாசிரியர் பதவிக்கு மூன்று வாசல்கள் வைக்கப்பட்டிருப்பதைக் காணலாம். சம்பந்தப்பட்ட துறையில் பட்டம் பெற்று ஓராண்டு அனுபவமுடையவர் ஒரு வாசலால் வரலாம். மூன்றாண்டு டிப்ளமாவும் ஈராண்டு அனுபவமும் உடையவர் இரண்டாவது வாசலால் வரலாம். அதே தொழிலில் தேசீயத் தொழிற் சான்றோ, அப்ரண்டிஸ் சான்றோ பெற்று, மூன்றாண்டு வேலை பார்த்தவர் மூன்றாவது வாசலால் வரலாம். எந்த வாசலால் வந்தவராயினும், கற்பிக்கும் முறையில் தேர்ந்தவர் என்பதற்கான தேசீயக் கைவினைப் பயிற்றாசிரியர் சான்று அவருக்கு இருத்தல் வேண்டும். முறையான ஓராண்டுப் பயிற்சியால் அதைப் பெறலாம். முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறையிலும் அதைப் பெறலாம்.

இவற்றோடு சேர்ந்த விதி ஒன்றுதான் நம் மனத்தைக் கவர்ந்தது. இரண்டாண்டுத் தொழிலுக்கு, முதலாண்டு வகுப்புக்கு ஒருவரும் இரண்டாமாண்டு வகுப்புக்கு ஒருவருமாக இரண்டு பயிற்றாசிரியர் வேண்டுமல்லவா? அவ்விருவரில் ஒருவர் பட்டமோ டிப்ளமாவோ பெற்றவராயிருக்கவேண்டும். மற்றவர் தொழிற் சான்று பெற்றவராயிருக்கவேண்டும். இருவரிடமும் பயிற்றாசிரியர் சான்று இருக்கவேண்டும் என்பதே அவ்விதி. இதை எழுதினவர் எவராயினும் அவரை நாம் வாழ்த்துகிறோம். ஏட்டறிவு ஒரு புறமும் கையறிவு ஒரு புறமுமாக இரண்டையும் ஒரே பட்டறையில் இருத்தவேண்டும் என்ற விவேகம் இவ்விதியில் இருக்கிறது. அதைவிட முக்கியமாக, உளி பிடித்துத் தொழில் கற்றவன் ஒருநாள் ஆசிரியர் நாற்காலியில் அமரலாம் என்ற உரிமையும் இவ்விதியில்தான் இருக்கிறது. பட்டதாரிகள் மலிந்த இக்காலத்தில், வேலைக்கு ஆள் எடுப்போர் மூன்றாவது வாசலை மெல்லச் சாத்திவிடக்கூடும். சாத்தப்பட்டால், கைத்தொழிலாளியின் மகனுக்கு "உனக்கு மேலே செல்லப் படி கிடையாது" என்று அறிவித்ததாகவே ஆகும்.

இவ்விஷயத்தில் தவறான அபிப்பிராயங்கள் இரண்டு உலவுகின்றன. பட்டம் பெற்றவனுக்கு எல்லாம் தெரியும் என்பது ஒன்று. இதற்கு நீண்ட மறுப்பு வேண்டியதில்லை. இரும்பின் விரிவுக் குணகத்தைக் கரும்பலகையில் எழுதக்கூடியவர், இரும்புத் துண்டொன்றை அரத்தால் ராவிச் சதுரமாக்கிக் காட்டவும் கூடியவர் என்று எண்ணுவதற்கு நியாயம் ஏதுமில்லை. மாணவன் கண்ணால் பார்த்துக் கற்கிறவன். ஆசிரியர் கையில் வேலை இல்லையெனில் அவன் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

இரண்டாவது அபிப்பிராயம் அதைவிடச் சூட்சுமமானது. நல்ல தொழிலாளி எவனும் நல்ல ஆசிரியனே, அவனுக்குப் போதனாமுறை என்ற சான்று எதற்கு என்பது அது. தொழிலாளியிடம் மதிப்புள்ளவர்களும் இவ்வாறு வாதிப்பதுண்டு. ஆனால் அனுபவம் இதற்கு மாறாக இருக்கிறது. இருபது வருஷம் வேலை செய்தவன் கை தானாகவே ஓடும். எந்த இடத்தில் மூச்சை அடக்கினோம், எந்த இடத்தில் அழுத்தத்தைத் தளர்த்தினோம் என்பது அவனுக்கே தெரியாது. தனக்கே தெரியாததைப் பிறனுக்கு அவன் எவ்வாறு சொல்லுவான்? "நான் செய்கிறேன், பார்" என்பதோடு அவன் போதனை முடிந்துவிடும். பாராமல் விட்டவன்மீது கோபம் வரும். இது தொழிலாளியின் குற்றமன்று. செய்தல் வேறு, செய்வதைப் பிரித்துக் காட்டுதல் வேறு.

அமெரிக்கா இதை யுத்த காலத்தில் கற்றுக்கொண்டது. முதல் உலக யுத்தத்தின்போது கப்பல் கட்டும் தளங்களுக்கு ஆயிரக்கணக்கான புது ஆட்கள் தேவைப்பட்டார்கள். அவர்களுக்குக் கற்பிக்கத் தேர்ந்த தொழிலாளிகளையே ஆசிரியராக்கினார்கள். அதற்கென்று அவர்களைப் பழக்கும் பொறுப்பில் இருந்த சார்ல்ஸ் ஆலன் என்பவர், போதனையை நான்கு படிகளாக வகுத்து 1919-இல் புஸ்தகமாகவும் வெளியிட்டார். மாணவன் மனத்தை ஆயத்தம் செய்தல், வேலையைக் காட்டுதல், அவனைக் கொண்டே செய்வித்தல், தனியே விட்டுச் சோதித்தல் என்பன அவை. இரண்டாவது யுத்தத்தில் அம்முறையையே சுருக்கி, ஆலை மேஸ்திரிகளுக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து அமர்வுகளில், பத்தே மணி நேரத்தில் கற்பித்தார்கள். இதிலிருந்து நாம் அறிவது என்ன? கற்பிக்கும் கலை என்று ஒன்று தனியே உண்டு என்பது. அதன் வேரைத் தொழில் தெரிந்தவன் பற்றிக்கொள்ள நெடுங்காலம் செல்லாது என்பதும்தான். ஆகையால் கைத்தொழிலாளிக்குப் போதனாமுறைச் சான்று வேண்டும் என்று கேட்பது அவனுக்கு மதில் எழுப்புவதாகாது, ஏணி வைப்பதேயாகும். ஏணியின் படிகள் எட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பதுமாத்திரமே நமது நிபந்தனை.

யோக்யதாம்சங்களை அறவே தளர்த்திவிட்டால் பயிற்சி பெருகாதா என்று கேட்பவர்களுக்கு ஜெர்மனியின் சரித்திரம் விடை கூறும். அத்தேசத்தில் ஆலையிலும் கடையிலும் அப்ரண்டிஸ்களுக்குக் கற்பிக்கிறவர், கற்பிக்கும் தகுதி தமக்கு உண்டென்று தனிப் பரீட்சை ஒன்றால் நிரூபிக்கவேண்டும் என்ற விதி 1972-இல் ஏற்பட்டது. மூன்று மணி நேரம் எழுத்துப் பரீட்சை; அதன் பின்னர், ஒரு பாடத்தைக் கற்பித்துக் காட்டி அதைப்பற்றி வினாக்களுக்கு விடையளிக்கும் செய்முறைப் பரீட்சை. வேலையில்லாத் திண்டாட்டம் மிகுந்து, அப்ரண்டிஸ் இடங்கள் குறைந்தபோது, இப்பரீட்சை ஒரு தடையென்று கருதி, 2003-ஆம் ஆண்டு ஆகஸ்டு முதல் அவ்விதியை நிறுத்தி வைத்தார்கள். ஆறு வருஷம் கழிந்தது. 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டில் அதே விதியைத் திருத்தியமைத்து மீண்டும் அமுலுக்குக் கொண்டுவந்தார்கள். தொழிலில் பேர்பெற்ற ஒரு தேசம், தளர்த்திப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று பழைய கட்டுப்பாட்டுக்கே திரும்பியது. அந்தப் பரீட்சையை நாமும் புதிதாய்ச் செய்து பார்க்கவேண்டுமா?

மறுபக்கத்து அபாயத்தையும் மறைக்கலாகாது. ஆஸ்திரேலியாவில் பயிற்றாசிரியரும் பரீட்சகரும் பயிற்சி மற்றும் மதிப்பீட்டில் நான்காந்தரச் சான்று என்ற ஒன்றைப் பெறவேண்டும். தாம் கற்பிக்கும் தரத்துக்குக் குறையாத தொழிற்றிறனும், தொழிலின் தற்கால நடைமுறையில் பழக்கமும் அவருக்கு இருக்கவேண்டும் என்றும் விதித்திருக்கிறார்கள். இக்கடைசி விதி மிகவும் போற்றத்தக்கது. ஆனால் அங்கே சான்று 2010-இல் ஒரு வடிவத்திலும், 2016-இல் மற்றொரு வடிவத்திலும், 2022-இல் வேறொரு வடிவத்திலும் வந்தது. பழைய சான்றுடையவர்கள் 2019 ஜூலை முதல் தேதிக்குள் புதுப் பகுதிகளைப் படித்துச் சேர்க்கவேண்டும் என்று உத்தரவாயிற்று. பட்டறையில் பல்லாண்டு பழுத்தவர்கள் மறுபடியும் மறுபடியும் காகிதத்துக்காக உழைப்பதா என்ற சலிப்பு எழுவது இயற்கையே. அத்தேசத்தார் அதற்கொரு பரிகாரமும் வைத்திருக்கிறார்கள். சான்றில்லாத தொழில் நிபுணர் ஒருவர், சான்றுடைய பயிற்றாசிரியரோடு சேர்ந்து கற்பிக்கலாம், சோதனைக்கும் உதவலாம் என்பது அது. நமது கிராமத்துக் கொத்தனாரும், நகரத்து மோட்டார் மெக்கானிக்கும் நமது நிலையங்களுக்குள் கௌரவத்தோடு பிரவேசிக்க இது நல்ல வழியாகும்.

இனிப் பரீட்சகருக்கு வருவோம். நியாயஸ்தலத்தில் பழகினவர்கள் யாவரும் அறிந்த விதி ஒன்று உண்டு: தன் வழக்கில் தானே நீதிபதியாதல் கூடாது. இவ்விதி நிலைபெற்ற சரித்திரமே ஒரு தொழில் யோக்யதாம்ச வழக்கில் பிறந்தது. லண்டன் வைத்தியர் சபை, தன் அனுமதியின்றி வைத்தியம் செய்தார் என்று போனம் என்பவரைத் தண்டித்துச் சிறையிலிட்டது. விதித்த அபராதத்தில் பாதி அச்சபைக்கே சேரும். 1610-இல் நீதிபதி கோக், வாதியும் தண்டனை பெறுவதால் பலனடைகிறவரும் நீதிபதியும் ஒருவராயிருத்தல் தகாது என்று தீர்ப்பளித்தார். நானூறு வருஷத்துக்கு மேலாகியும் அத்தீர்ப்பு ஒளி குன்றவில்லை.

அந்த ஒளியில் நமது குறுகிய காலப் பயிற்சித் திட்டங்களைப் பார்ப்போம். 2015-இல் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி திறன் வளர்ச்சித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், பயிற்சி நிலையத்துக்குப் பணம் கொடுக்கும் முறை இவ்வாறு அமைந்தது: வகுப்புத் தொடங்கியதும் நூற்றுக்கு 30 பங்கு, மாணவர் தேர்ந்து சான்று பெற்றதும் 50 பங்கு, வேலை கிடைத்ததும் 20 பங்கு. பலனைக் கண்டு பணம் கொடுக்கும் எண்ணம் நல்லதே. ஆனால் விளைவைக் கவனியுங்கள். மாணவன் தவறினால் நிலையத்தின் பாதி வருமானம் போகிறது. பரீட்சகரோ அந்த நிலையத்துக்கே சென்று, அந்த நிலையத்தின் கருவிகளைக்கொண்டு, அந்த நிலையத்தாரின் உபசாரத்தில் ஓரிரு நாள் இருந்து சோதித்துத் திரும்புகிறவர். நாற்பது பேரையும் தேர்ந்தவராக்கிவிட்டால் எல்லோர்க்கும் சௌகரியம்; ஒருவனைத் தவறவிட்டால் எல்லோர்க்கும் கஷ்டம். இத்தகைய நிலையில் நேர்மையாக இருப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நமது வணக்கம். ஆயினும் தனி மனிதரின் வீரத்தை நம்பி ஒரு தேசம் தன் பரீட்சையை நடத்தலாகாது.

இக்குறை சர்க்காருக்குத் தெரியாததன்று. பாடத்தரத்தை வகுப்பதும், பயிற்சி தருவோரைச் சேர்ப்பதும், தேர்ச்சி வழங்குவதும் துறைத் திறன் மன்றங்கள் என்ற ஒரே கையில் குவிந்திருந்த நிலைமையை ஆராய, 2016-இல் ஷாரதா பிரசாத் தலைமையில் குழுவொன்று நியமிக்கப்பட்டது. நலமுரண்பாடு உண்டென்று அக்குழு ஒளிவு மறைவின்றி எழுதிற்று. 2018 டிசம்பரில், தொழிற்கல்வி பயிற்சிக்கான தேசீயக் கவுன்ஸில் அமைக்கப்படுவதாக அறிவிப்பு வந்தது. 2020-இல் அது வேலை தொடங்கிற்று. சான்று வழங்கும் ஸ்தாபனங்களையும், மதிப்பீடு செய்யும் ஸ்தாபனங்களையும் தனித்தனியே அங்கீகரித்துக் கண்காணிப்பது அதன் கடமை. திசை சரியானதே. ஆனால் ஸ்தாபனத்துக்கு அங்கீகாரம் உண்டென்பதால், அது அனுப்பும் மனிதர் அரத்தையும் உளியையும் அறிந்தவராகிவிட மாட்டார். பரீட்சகருக்கென்று சில நாள் பயிற்சியும் சான்றும் வைத்திருக்கிறார்கள். அது படிவத்தை நிரப்பக் கற்பிக்கலாம்; பத்து வருஷத் தொழிற் பழக்கத்தை அது தர இயலாது.

ஜெர்மானியர் இதற்கும் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அவர்களது தொழிற்பயிற்சிச் சட்டப்படி பரீட்சைக் குழுவில் குறைந்தது மூவர் இருக்கவேண்டும். முதலாளிகளின் பிரதிநிதிகளும் தொழிலாளிகளின் பிரதிநிதிகளும் சம எண்ணிக்கையில் இருப்பர். தொழிற்பள்ளி ஆசிரியர் ஒருவரேனும் அவர்களோடு அமர்வார். இவர்கள் யாவரும் இதைக் கௌரவ உத்தியோகமாகவே செய்கிறார்கள். முதலாளிக்கு, தேர்ந்தவன் உண்மையில் வேலை செய்யவேண்டும் என்ற அக்கறை. தொழிலாளிக்கு, தன் தொழிலின் மதிப்பு குறையக்கூடாது என்ற அக்கறை. ஆசிரியருக்கு, மாணவனுக்கு அநீதி நேரக்கூடாது என்ற அக்கறை. மூன்று அக்கறைகள் ஒன்றையொன்று காவல் காக்கின்றன. தேர்ந்த மாணவர் தொகையைக் கணக்கிட்டுக் காசு பெறுகிறவர் அக்குழுவில் இல்லை.

ஆகவே நாம் கோருவன இவை. ஒன்று: பயிற்றாசிரியர் சான்று இல்லாதவரைத் தற்காலிகம் என்ற பெயரிலும் நிரந்தரமாய் வைத்திருக்கும் வழக்கம் எங்கே இருந்தாலும் ஒழியவேண்டும். இப்போது பணியில் உள்ளவர்களுக்கு, முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் வழியில், சம்பளத்தோடு விடுப்புக் கொடுத்து, குறித்த காலத்துக்குள் சான்று பெறச் செய்யவேண்டும். 2025-ஆம் வருஷத்துத் திட்டத்தில் 50,000 பயிற்றாசிரியர்களுக்குப் பயிற்சி தருவதாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அதற்காக விரிவாக்கப்படும் ஐந்து தேசீய நிலையங்களில் சென்னையும் ஒன்று. ஆதலின் "வழியில்லை" என்ற சமாதானம் இனிச் செல்லாது.

இரண்டு: தொழிற் சான்று பெற்றவர்க்குரிய பாதி இடம் பட்டதாரிகளால் நிரப்பப்படலாகாது. மூன்று: பயிற்றாசிரியர் ஒவ்வொருவரும் சில வருஷங்களுக்கு ஒரு முறை, சில வாரம் ஆலைக்குச் சென்று உடன் வேலை செய்து திரும்பவேண்டும். யந்திரம் மாறும்போது ஆசிரியர் மாறாதிருந்தால், புது யந்திரம் உறை போட்டு மூடப்பட்டுக் கிடக்கும். நான்கு: பரீட்சகரை நிலையத்தார் தேர்ந்தெடுக்கவோ உபசரிக்கவோ கூடாது. அவரது கூலி தேர்ந்தவர் தொகையைப் பொறுத்ததாயிருத்தல் கூடாது. பரீட்சகருடன் அத்தொழிலில் இன்றும் கை வைத்து உழைக்கும் ஒருவர் அமரவேண்டும். ஐந்து: மாணவன் பரீட்சையில் செய்த வேலைத் துண்டைக் குறிப்பிட்ட காலம் பாதுகாத்து, சந்தேகம் எழுந்தால் மறுபடியும் அளந்து பார்க்க இடம் வைக்கவேண்டும். இரும்பு பொய் சொல்லாது.

இதையெல்லாம் யார் செய்விப்பது? பொதுக் காரியத்தில் ஈடுபட்டுள்ள நமது நண்பர்களையே நாம் நோக்குகிறோம். தொழிற்பயிற்சி நிலையம் திறப்பு விழாவுக்கு மாலையோடு செல்கிறவர்கள் அநேகர், ஆறு மாதம் கழித்து அங்கே சென்று, "இங்கே கற்பிக்கிறவர் எத்தனை பேர்? அவர்களில் சான்றுடையவர் எத்தனை பேர்? காலியிடம் எத்தனை?" என்று கேட்கிறவர் எத்தனை பேர்? கேட்பதற்கு 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் நமக்கு அதிகாரம் தந்திருக்கிறது. மத்திய சர்க்கார் அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய்க் கட்டணம். முப்பது நாளில் விடை தரவேண்டியது அவர்கள் கடமை. தனியார் நிலையமாயிற்றே என்று தயங்கவேண்டாம். பிற சட்டம் எதன்படியேனும் ஒரு தனி ஸ்தாபனத்திடமிருந்து சர்க்கார் பெறக்கூடிய விவரமும் அச்சட்டத்தின் வரையறைக்குள் வருகிறது. அங்கீகாரம் கொடுத்த இலாகாவினிடம் கேளுங்கள். தாலுகாவுக்கு ஒருவர் கேட்டாலும் போதும். கிடைத்த விடையைப் பத்திரிகைகளுக்கு அனுப்புங்கள். சட்டசபை அங்கத்தினரிடமும் அதைக் கொடுத்து, சபையில் வினாவாக எழுப்பச் சொல்லுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு வார்த்தை. பிள்ளையைச் சேர்க்கும்முன் கட்டடத்தின் உயரத்தைப் பாராமல், பட்டறைக்குள் சென்று, கற்பிக்கிறவர் ஒரு வேலையைச் செய்து காட்டுவதைச் சிறிது நேரம் நின்று பாருங்கள். "ஐயா, தாங்கள் இத்தொழிலில் எத்தனை வருஷம் வேலை செய்தீர்கள்?" என்று மரியாதையோடு வினவுங்கள். நல்ல பயிற்றாசிரியர் இக்கேள்வியால் கோபம் கொள்ளார். கேட்டதற்கு மகிழ்ச்சியே அடைவார். தம் உழைப்பின் அருமையை அறியவந்த ஒருவரை அவர் பல நாளாக எதிர்பார்த்துக்கொண்டிருக்கக்கூடும்.

பணம் ஒதுக்கப்பட்டாயிற்று, யந்திரங்களும் வந்துகொண்டிருக்கின்றன. கற்பிக்கும் கையும், அளக்கும் கண்ணும் தகுதியுடையனவா என்று கேட்கும் பொறுப்பு நம்மைச் சேர்ந்தது. அதை இந்த வருஷமே கேட்போமாக.